குழுவைத் தொடங்கியவர் யார்? சீனாவில் ஒரு கொள்முதல் பயணம், ஒரு வரைபடம், போய்ச் சேராத ஒரு செய்தி

பின்னணி

கோவையில் வீட்டு உபயோகப் பம்புகள் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்றிலிருந்து 2024 அக்டோபரில் மூன்று பேர் சீனாவுக்குப் போனார்கள். உரிமையாளர், கொள்முதல் மேலாளர், வடிவமைப்புப் பிரிவில் வேலை பார்க்கும் இளம் பொறியாளர். அந்த நிறுவனத்தின் கணினி, மின்னஞ்சல் வேலைகளை வெளியிலிருந்து பார்த்துக்கொடுப்பவன் நான். புறப்படும் முன் செய்த ஏற்பாடுகளிலும், நடுவில் வந்த போன் அழைப்புகளிலும், திரும்பி வந்தபின் நடந்த வாக்குவாதத்திலும் எனக்குப் பங்கு உண்டு. சீனாவின் இணையத் தணிக்கையோடு அவர்களுக்கு ஏற்பட்ட அனுபவத்தை மூவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். சீனத் தரப்பில் இருந்த விற்பனைப் பிரதிநிதியைப் பற்றிய சில விவரங்களை வேண்டுமென்றே மங்கலாக்கியிருக்கிறேன். பயன்படுத்திய அரட்டைச் செயலியின் பெயரையும் விட்டுவிட்டேன். அங்கே போய்வந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

போன காரணம் மெக்கானிக்கல் சீல், அதாவது சுழலும் தண்டைச் சுற்றித் தண்ணீர் கசியாமல் தடுக்கும் பாகம். கொங்குப் பகுதியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோடு நைஸ் மணல் வருவது புதிதல்ல. கார்பன்–செராமிக் முகம் கொண்ட சாதாரண சீல் அந்த மணலில் சீக்கிரம் தேய்ந்து, பம்பின் கழுத்திலிருந்து சொட்டத் தொடங்கும். இரண்டு முகமும் சிலிகான் கார்பைடாக இருந்தால் தாக்குப்பிடிக்கும், ஆனால் விலை ஏறும். அந்த விலையைப் பேசி முடிக்கத்தான் பயணம். முதலில் குவாங்சோவில் 136ஆவது கான்டன் வணிகக் கண்காட்சியின் முதல் கட்டம், அக்டோபர் 15 முதல் 19 வரை. அதன்பின் ஜெஜியாங் மாகாணத்தில் பம்புத் தொழிலுக்குப் பேர்போன வென்லிங். 2020-ல் நின்றுபோன இந்திய–சீன நேரடி விமானங்கள் அப்போது திரும்பத் தொடங்கவில்லை. அதனால் கோவையிலிருந்து சிங்கப்பூர் போய், அங்கிருந்து குவாங்சோ.

புறப்படும் முன்

சீனாவில் என்னென்ன திறக்காது என்பது பொதுவாகத் தெரிந்ததுதான். யூடியூப், ஃபேஸ்புக், அப்போது ட்விட்டர் என்றிருந்த எக்ஸ் மூன்றும் 2009-லிருந்து. கூகுள் தேடல் 2010-ல் ஹாங்காங்குக்கு நகர்ந்தது, ஜிமெயில் 2014 இறுதியில் முழுதாக அடைபட்டது. வாட்ஸ்அப் 2017-ல். விக்கிப்பீடியா 2019 ஏப்ரலில் எல்லா மொழிகளிலும், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவும் சேர்த்து. இந்த நிறுவனத்தின் அஞ்சல், வரைபடக் கோப்புகள், விலைப்பட்டியல் அத்தனையும் கூகுளில் இருந்தன. வேலை பார்க்கும் ஆட்களோ வாட்ஸ்அப் குழுக்களில்.

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன. ஒன்று விபிஎன், அதாவது தடையைச் சுற்றி வேறு நாட்டு வழியாக இணையத்தோடு இணைக்கும் மென்பொருள். பொறியாளர் அதைத்தான் முதலில் சொன்னார், சென்றுவந்த நண்பர்கள் எல்லாரும் போட்டுக்கொண்டுதான் போகிறார்கள் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் நான் வேண்டாம் என்றேன். அனுமதி பெறாத வழியில் வெளிநாட்டு இணையத்தோடு இணைவது 1990களில் வந்த விதிமுறைப்படியே அங்கே தவறு, 15,000 யுவான் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. அதே குவாங்டாங் மாகாணத்தில் 2018 இறுதியில் ஒருவருக்கு 1,000 யுவான் அபராதம் போட்டார்கள். அவர் உள்நாட்டுக்காரர். வந்துபோகும் வியாபாரியைத் தேடிப்பிடித்து அபராதம் போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விபிஎன் போட்ட மடிக்கணினியைச் சப்ளையர் தொழிற்சாலையின் வைஃபையில் இணைத்தால் சிக்கல் அந்தத் தொழிற்சாலைக்குத்தான் போகும். 2024 ஜூலை 1 முதல் அரசுப் பாதுகாப்புத் துறை அதிகாரிகள் மின்னணுக் கருவிகளைச் சோதிக்கும் நடைமுறையும் எழுத்துபூர்வ விதியாக வந்திருந்தது. தேவையில்லாத பொருளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முடிவு செய்தோம்.

இரண்டாவது வழி இந்திய சிம்மிலேயே ரோமிங். இதில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது. ரோமிங்கில் இருக்கும் போனின் டேட்டா அங்குள்ள கோபுரத்தைத் தொட்டாலும், அங்கேயே இணையத்தில் கலப்பதில்லை. ஒரு சுரங்கம் வழியாகச் சொந்த நாட்டு நிறுவனத்தின் வாசலுக்கு வந்து, அங்கிருந்துதான் வெளியே போகும். சீனத் தடுப்பு உட்கார்ந்திருப்பது அந்த நாட்டு இணையம் வெளியுலகைத் தொடும் இடங்களில். ரோமிங் டேட்டா அந்தச் சல்லடைக்குள் விழுவதில்லை. அதே காரணத்தால் சிங்கப்பூர், ஹாங்காங் இ-சிம்களிலும் (அட்டை இல்லாமல் போனிலேயே ஏற்றும் சிம்) ஜிமெயில் திறக்கும். இது எந்தச் சட்டத்தையும் ஏய்க்கும் வேலை அல்ல; உலகம் முழுக்க ரோமிங் இயங்கும் முறையே அதுதான்.

மூன்றாவது, அங்குள்ள சேவைகளுக்கே மாறிக்கொள்வது. முழுதாக மாற மனமில்லை. ஆனால் முழுதாகத் தவிர்க்கவும் முடியவில்லை.

உரிமையாளர் போனிலும் மேலாளர் போனிலும் ரோமிங் பேக் போட்டோம். பொறியாளருக்குச் சிங்கப்பூரில் வாங்கிய ஒரு இ-சிம். சீனாவின் ஓட்டல் வைஃபையில் மைக்ரோசாஃப்ட்டின் அவுட்லுக் அஞ்சல் திறக்கும் என்பதால் அவசரத்துக்கு அதில் ஒரு பொது முகவரி. தேவைப்படும் வரைபடங்களை மட்டும் பிடிஎஃப் ஆக மடிக்கணினியில் இறக்கிக்கொண்டார்கள்.

இந்த ஏற்பாடுகள் எல்லாம் தகவல் நம் கைக்கு வருவதைப் பற்றியவை. நாம் பேசுவது என்ன ஆகும் என்பதை அந்தக் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை. மணல் வடிகட்டியும் சீல் விலையும் பேசப் போகிறவர்களுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவும் இல்லை.

செயலி என்ற இரட்டைப் பூட்டு

சப்ளையர் தரப்பு வாட்ஸ்அப்பில் இல்லை. அஞ்சல் போட்டால் மறுநாள் பதில். உள்ளூர் அரட்டைச் செயலியில் கேட்டால் அதே நிமிடம். அந்தச் செயலியோ 2020 ஜூன் 29-ல் இந்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று. சீனாவில் நம் செயலிகள் கிடையாது, இந்தியாவில் அவர்கள் செயலி கிடையாது. இருபுறமும் பூட்டிய கதவு. சீனத் தணிக்கையைப் பற்றிப் பேசும்போது நம் பக்கத்துப் பூட்டை மறந்துவிடுகிறோம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

குவாங்சோ போய்ச் சேர்ந்த அன்று மேலாளரும் பொறியாளரும் பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளூர் சிம் வாங்கினார்கள். முகத்தையும் படம் எடுத்துக்கொண்டார்கள். 2019 டிசம்பரிலிருந்து அங்கே புது இணைப்புக்கு அது கட்டாயம். அந்த எண்ணில் செயலியைப் பதிவு செய்தார்கள். பாதியில் செயலி நின்று, ஏற்கெனவே கணக்கு வைத்திருக்கும் ஒருவர் உங்களுக்காக ஒரு குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும் என்றது. கண்காட்சி அரங்கில், சப்ளையரின் ஸ்டாலில் நின்றபடியே, விற்பனைப் பிரதிநிதியாக இருந்த பெண் இருவர் போனையும் வாங்கி, தன் போனைக் காட்டி, பத்து விநாடியில் முடித்துக்கொடுத்தார். பிறகு தானே ஒரு குழுவைத் தொடங்கி, இவர்கள் இருவரையும், தொழிற்சாலை மேலாளரையும், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒருவரையும் சேர்த்தார்.

அந்தப் பத்து விநாடியில் நடந்தது இரண்டு காரியங்கள். இவர்களுக்கு ஜாமீன் சொன்னவர் அந்தப் பெண். குழுவின் உரிமையாளரும் அவரே. 2017 அக்டோபர் 8 முதல் சீனாவில் நடப்பில் உள்ள விதிப்படி, இணையக் குழுவில் வரும் உள்ளடக்கத்துக்குக் குழுவைத் தொடங்கியவரும் நடத்துபவரும் பொறுப்பு. குழுவில் யார் எதைப் போட்டாலும் முதலில் கேள்வி கேட்கப்படுபவர் அவர்.

கண்காட்சியில் இணையத்தைப் பொறுத்தவரை பெரிய தொந்தரவு இல்லை. ஓட்டல் வைஃபையில் ஜிமெயில் பிழைச் செய்தி எதுவும் காட்டாமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தது. தடை இப்படித்தான் தெரியும்: பெயரைத் தேடினால் தவறான முகவரி வரும், அல்லது இணைப்பு பாதியில் அறுந்துவிடும். ‘தடை செய்யப்பட்டுள்ளது’ என்ற பலகை எங்கும் கிடையாது. ரோமிங் போனில் ஹாட்ஸ்பாட் போட்டதும் அதே மடிக்கணினியில் அதே பக்கம் திறந்தது. உரிமையாளர் பேரனோடு வீடியோ காலில் பேசிப் பேசி பேக் தீர்ந்துபோய், இரண்டாவது பேக் போட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 21: வரைபடம்

வென்லிங்கில் இருந்தபோதுதான் கிழக்கு லடாக்கில் ரோந்து குறித்து உடன்பாடு எட்டப்பட்டதாக இந்திய வெளியுறவுச் செயலர் அறிவித்தார். 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு நான்கு ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருந்த விவகாரம். கோவை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே உற்சாகம். நேரடி விமானம் வரும், விசா சுலபமாகும், கச்சாப்பொருள் இறக்குமதிக் கெடுபிடி தளரும் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள்.

அந்த உற்சாகத்தில் பொறியாளர் அன்றிரவு ஒரு தமிழ்ச் செய்தி ஊடகத்தின் படத்தைச் சீனக் குழுவில் பகிர்ந்தார். இரு நாட்டுக் கொடி, கீழே ஒரு வரைபடம், இரண்டு வரித் தமிழ்த் தலைப்பு. தமிழ் அங்கே யாருக்கும் படிக்கத் தெரியாது. வரைபடம் எல்லாருக்கும் தெரியும். அதில், இரு நாடும் உரிமை கோரும் அக்சாய் சின் பகுதி இந்தியாவுக்குள் இருந்தது. இந்தியாவில் அச்சாகும் வரைபடம் வேறு மாதிரி இருக்கவும் முடியாது. சர்வே ஆஃப் இந்தியாவின் எல்லைக்கு மாறாக வரைபடம் வெளியிடுவது இங்கே குற்றம். சீனாவிலும் அரசின் நிலையான வரைபடத்துக்கு மாறானதை வெளியிடக் கூடாது. 2023 ஆகஸ்டில் அவர்கள் வெளியிட்ட வரைபடத்தில் அக்சாய் சின்னும் அருணாசலப் பிரதேசமும் அவர்கள் பக்கம். 2019-ல் சிங்டாவ் துறைமுக நகரில் இப்படி ‘தவறான’ உலக வரைபடங்கள் ஏறக்குறைய 30,000 பிரதிகளை அழித்தார்கள். ஒரு நாட்டில் சட்டப்படி சரியான ஒரே படம் அடுத்த நாட்டில் சட்டப்படி தவறான படம். நல்லெண்ணத்தில் அனுப்பியது என்பதால் இது மாறப்போவதில்லை.

குழுவில் யாரும் பதில் போடவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலாளரின் போனுக்கு அந்தப் பெண்ணிடமிருந்து தனியாக ஒரு குரல் செய்தி வந்தது. மேலாளர் எனக்குச் சொன்னபடி, குரலில் கோபம் இல்லை, அவசரம் இருந்தது. குழு தன் பெயரில் இருக்கிறது, இதுபோன்ற படங்கள் வேண்டாம், தயவுசெய்து எடுத்துவிட முடியுமா என்பதுதான் சாரம். எடுக்க முடியவில்லை. அனுப்பிய இரண்டு நிமிடத்துக்குள்தான் திரும்பப் பெறலாம். அது எப்போதோ கடந்துவிட்டது.

மேலாளர் பொறியாளரின் அறைக்குப் போய்ச் சொன்னார். பொறியாளருக்குச் சுருக்கென்று தைத்தது.

“நம்ம ஊர் நியூஸைத்தானேண்ணா போட்டேன். அதுவும் நல்ல நியூஸ். நம்ம மேப்பை நாமளே காட்டக் கூடாதுங்களா?”

“காட்டலாம் தம்பி. உன்னைய யாரும் கேக்க மாட்டாங்க. அந்தப் புள்ளையைத்தான் கேப்பாங்க.”

இந்தச் சம்பவத்தில் நடந்த அத்தனை பேச்சிலும் எனக்கு முக்கியமாகப் படுவது மேலாளரின் இந்தக் கடைசி இரண்டு வாக்கியம். பொறியாளரின் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அதை வெறும் அசட்டுத்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். ஆனால் அவர் பேச்சுக்கான விலைச்சீட்டு வேறொருவர் பெயரில் எழுதப்படுகிறது என்பதை அந்த அறையில் மேலாளர் ஒருவர்தான் யோசித்தார்.

முதல் முடிவு

மறுநாள் காலை மூவரும் பேசி, என்னையும் போனில் அழைத்தார்கள். உரிமையாளர் அந்தப் பெண்ணிடம் நேரில் வருத்தம் தெரிவித்தார், குழுவில் எழுதவில்லை. குழுவில் மன்னிப்புக் கேட்டால் படத்தை மீண்டும் மேலே கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும் என்று மேலாளர் தடுத்தது சரியான யோசனை. பழைய குழுவை அந்தப் பெண் கலைத்தார். ஆர்டருக்கென்று புதிய குழு ஒன்றைத் தொடங்கினார். இந்தத் தடவையும் தொடங்கியவர் அவரே. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. பழைய குழுவில் நடந்தது எல்லாம் தெரிந்தும் அதே இடத்தில் அதே ஆளை உட்கார வைத்தோம். அப்போது எல்லாருக்கும் இருந்த கவலை, ஆர்டர் கெட்டுவிடக் கூடாது என்பது.

பொறியாளரிடம் உரிமையாளர் சொன்னது, “செய்தி கிய்தி எதுவும் வேண்டாங்கண்ணு, சீல் பத்தி மட்டும் பேசு.” அவ்வளவுதான் அறிவுறுத்தல். எது செய்தி, எது இல்லை என்று யாரும் விளக்கவில்லை.

அக்டோபர் 23: போய்ச் சேராதது

அன்று ரஷ்யாவின் கசான் நகரில் பிரிக்ஸ் மாநாட்டின் ஓரத்தில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தார்கள். பொறியாளருக்கு முந்தைய சங்கடத்தைச் சரிசெய்ய இது ஒரு வாய்ப்பாகப் பட்டது. படமில்லை, வரைபடமில்லை, சர்ச்சையில்லை. இரு தரப்பும் மகிழ வேண்டிய செய்தி. தமிழில் எழுதி, மொழிபெயர்ப்புச் செயலியில் சீனமாக்கி, புதிய குழுவில் ஒரே செய்தியாக ஒட்டினார். தமிழ் மூலத்தை எனக்கும் காட்டினார்:

“மோடியும் ஷி ஜின்பிங்கும் இன்று கசானில் சந்திக்கிறார்கள். இனி விசா, நேரடி விமானம் எல்லாம் சுலபமாகும், நமக்கு நல்ல காலம். 12 மி.மீ. சீலில் கார்பன்–செராமிக் வேண்டாம், இரண்டு முகமும் சிலிகான் கார்பைடு. ரப்பர் பழையபடியே இருக்கட்டும். திருத்திய இன்வாய்ஸ் அனுப்புங்கள்.”

அவர் திரையில் செய்தி வழக்கம்போலப் பச்சைக் குமிழியில் நின்றது. சிவப்பு ஆச்சரியக்குறி இல்லை, ‘அனுப்பப்படவில்லை’ என்ற வரி இல்லை. அதற்குப் பிறகு குழுவில் வண்டி எத்தனை மணிக்கு வரும், மதியச் சாப்பாட்டில் இறைச்சி வேண்டாம் போன்ற பேச்சுகள் இரு பக்கமும் சாதாரணமாக ஓடின.

மறுநாள் வந்த திருத்திய புரொஃபார்மா இன்வாய்ஸில் (ஆர்டரை உறுதிசெய்யும் முன் அனுப்பும் விலைப்பட்டியல்) அளவும் விலைத் தள்ளுபடியும் பேசியபடி இருந்தன. பொருள் விவரத்தில் மட்டும் கார்பன்–செராமிக். பொறியாளர் கொதித்தார். சொன்னதைக் கேட்காமல் மலிவுச் சரக்கைத் தள்ளப் பார்க்கிறார்கள் என்று முதலில் நினைத்தது அவர் மட்டுமல்ல, உரிமையாளரும்தான். ஒரு ஒப்பந்தம் அந்த நிமிடத்தில் முறிந்திருக்கலாம்.

முறியாமல் போனதற்குக் காரணம், மேலாளர் தன் போனைத் திறந்து பார்த்தது. அவரும் அதே குழுவில்தான் இருந்தார். வண்டி நேரம் இருந்தது, சாப்பாடு இருந்தது. இரண்டுக்கும் முன்னால் இருக்க வேண்டிய நீளமான சீனச் செய்தி இல்லை. ஓட்டல் வரவேற்பறை மேசையில் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றில் இருந்தது, மற்றதில் இல்லை. பிறகு அந்தப் பெண் வந்து தன் போனையும் வைத்தார். அதிலும் இல்லை. பொறியாளர் போனில் இருந்த செய்தியை அவர் குனிந்து படித்தார். முதல் வரியிலேயே நிறுத்தி, போனைத் திருப்பிக் கொடுத்து, சீல் விவரத்தை மட்டும் மறுபடி அனுப்பச் சொன்னார். காரணம் எதுவும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

சீல் பற்றிய பகுதியை மட்டும் தனியாக ஒட்டியதும் இரண்டு போன்களிலும் உடனே ஒலித்தது.

என்ன நடந்திருக்கும்

நிரூபணம் என்று சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இருப்பது விலக்கிப் பார்த்த காரணங்கள் மட்டும். நெட்வொர்க் கோளாறாக இருந்தால் முன்னும் பின்னும் உள்ள செய்திகள் போயிருக்காது. பெற்றவர் அழித்திருக்கலாம் என்றால் மேலாளர் போனிலும் ஏன் இல்லை? சீல் வரிகள் மட்டும் போனதால் தொழில்நுட்பச் சொற்களில் சிக்கல் இல்லை.

எஞ்சுவது தலைவர் பெயர் வரும் முதல் பாதி. இதற்கு ஒத்துப்போகும் பொது ஆய்வுகள் இருக்கின்றன. டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், சீனாவின் முதன்மை அரட்டைச் செயலி பற்றி 2016-ல் வெளியிட்ட ஆய்வில் நான்கு விஷயங்களைக் கண்டது. சொல் வடிகட்டல் சீன எண்ணில் பதிவான கணக்குகளுக்கே நடக்கிறது. பின்னர் வெளிநாட்டு எண்ணுக்கு மாற்றினாலும் அது தொடர்கிறது. தனி அரட்டையைவிடக் குழுக்களில் வடிகட்டும் சொற்கள் அதிகம். தடுக்கப்பட்டது அனுப்பியவருக்கும் தெரிவதில்லை, பெறுபவருக்கும் தெரிவதில்லை. 2017-ல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டையொட்டி அதே ஆய்வகம் செய்த சோதனையில், விமர்சனமே இல்லாத, நடுநிலையான குறிப்புகளும் தடுக்கப்பட்டன. பொறியாளரின் செய்தி பாராட்டுதான் என்பது அப்படியானால் எந்தப் பாதுகாப்பும் தராது. வடிகட்டி கருத்தைப் பார்ப்பதில்லை, சொற்கள் சேர்ந்து வருவதைப் பார்க்கிறது. சிக்கினால் முழுச் செய்தியும் போகும், சீலும் சேர்த்து.

இரண்டு நாள் முன்பு வரைபடம் போய்ச் சேர்ந்ததையும் இங்கே கவனிக்க வேண்டும். பிரச்சினைக்குரியது போய்ச் சேர்ந்தது, பாராட்டு போய்ச் சேரவில்லை. இதில் ஊகித்து நடக்க ஒரு ஒழுங்கு கிடையாது.

முதல் பாதியை மட்டும் மறுபடி அனுப்பிப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும் என்று பொறியாளர் சொன்னார். ஆய்வாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி, இந்தப் பதிவுக்கும் அது வலுச் சேர்த்திருக்கும். மேலாளர் மறுத்தார், நானும் போனில் அவர் பக்கம் நின்றேன். குழு யார் பெயரில் இருக்கிறது என்ற கேள்வி அப்போதுதான் எங்களுக்கு முழுதாக உறைத்தது. நம் ஆர்வத்தைத் தீர்த்துக்கொள்ள இன்னொருவர் கணக்கில் சோதனை நடத்தும் உரிமை நமக்கு இல்லை.

இரண்டாவது முடிவும் ஒரு சண்டையும்

பொருள் விவரம் இனி அரட்டையில் போகாது என்று தீர்மானித்தார்கள். திருத்த எண் போட்ட வரைபடம், இரு தரப்புக் கையெழுத்து, அவுட்லுக் அஞ்சல். அரட்டையில் “திருத்தம் 3 அனுப்பியிருக்கிறேன், வந்ததா?” என்று மட்டும் கேட்பது, வந்தது என்ற பதிலும் அந்தத் திருத்த எண்ணும் வராதவரை வரவில்லை என்றே வைத்துக்கொள்வது. புதிய இன்வாய்ஸ் அன்று மாலையே சரியாக வந்தது. உற்பத்தி தொடங்கியிருக்கவில்லை என்பதால் பண நட்டம் இல்லை.

சண்டை வேறு விஷயத்தில். பொறியாளர் இரண்டு போன்களையும் சேர்த்து எடுத்த படத்தைத் தன் எக்ஸ் கணக்கில் போட விரும்பினார். சிங்கப்பூர் இ-சிம்மில் எக்ஸ் தாராளமாகத் திறந்தது. படத்தில் குழுவின் பெயரும் அந்தப் பெண்ணின் சிறு முகப்படமும் இருந்தன. உரிமையாளர் ஒரே பேச்சாக, போடவே கூடாது என்றார். இப்போதும் கூடாது, ஊருக்குப் போயும் கூடாது. வியாபாரம் கெடும், அடுத்த விசா கெடும்.

என் கருத்தைக் கேட்டபோது நான் இரண்டாகப் பிரித்தேன். சப்ளையரின் பெயர், ஊர், அந்தப் பெண்ணின் அடையாளம் ஆகியவற்றை மறைக்கச் சொல்ல நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. அங்கே இருக்கும்போது எதையும் போட வேண்டாம் என்று கேட்பதும் நியாயம், மூவரும் ஒரே விசாக் கோப்பில் போனவர்கள். ஆனால் தனக்கு நேர்ந்ததைத் தன் பெயரில், தன் நாட்டில் இருந்துகொண்டு எழுதக் கூடாது என்பது நிறுவனம் போடக்கூடிய நிபந்தனை அல்ல. உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. கடைசியில் படம் இல்லாமல், அடையாளம் இல்லாமல், ஊர் திரும்பிய பிறகு என்று ஒப்புக்கொண்டார்கள்.

பிறகு நடந்தவை

சீல்கள் சிலிகான் கார்பைடு முகத்தோடு ஒப்புக்கொண்ட தேதியில் வந்தன. கோவை திரும்பியதும் அந்த அரட்டைச் செயலி எதிர்பார்த்தபடியே இயங்கவில்லை, இந்தியத் தடையால். மேலாளர் அஞ்சலுக்கு மாறிக்கொண்டார். மறுநாள் பதில் என்ற பழைய வேகத்துக்கு எல்லாரும் பழகிவிட்டார்கள். திருத்த எண் முறையை இப்போது உள்ளூர் வார்ப்பாலைகளுடனும் கடைப்பிடிக்கிறார்கள். அது இந்தப் பயணத்தில் எதிர்பாராமல் கிடைத்த லாபம்.

அந்தப் பெண்ணுக்கு ஏதாவது சிக்கல் வந்ததா? வரவில்லை என்று மேலாளரிடம் அஞ்சலில் சொல்லியிருக்கிறார். அஞ்சலில் அதற்கு மேல் எதிர்பார்க்கவும் முடியாது.

பொறியாளர் எக்ஸில் நான்கைந்து வரி எழுதினார். எந்த விளைவும் இல்லை. ஆனால் 2025 வசந்தகாலக் கண்காட்சிக்கு மேலாளர் மட்டுமே போனார். பொறியாளருக்கு விசா மறுக்கப்படவில்லை. அவர் விண்ணப்பிக்கவே இல்லை. ஆலையில் வேலை நெருக்கடி என்று காரணம் சொன்னார்கள். நெருக்கடி இருந்தது உண்மை. அது மட்டும்தான் காரணமா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. எந்த அதிகாரியும் எதுவும் சொல்லாமலே ஒருவர் ஒரு பயணத்திலிருந்து விலகிக்கொள்கிறார் என்றால், அதையும் இந்தப் பதிவில் விளைவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

மாற்றிக்கொண்டவை, மாற்ற முடியாதவை

மிகப் பெரிய மாற்றம் குழு யார் பெயரில் என்பதில். 2025-ல் மேலாளர் தன் கணக்கிலிருந்து தானே குழுவைத் தொடங்கி, சப்ளையர் தரப்பை அதில் சேர்த்தார். பொறுப்பு வந்தால் விமானம் ஏறிப்போகக் கூடியவர் மேல் வரட்டும் என்ற எண்ணம். பதிவுக்கு ஜாமீன் சொல்ல உள்ளூர்க்காரர் தேவைப்படுவதை மட்டும் தவிர்க்க வழி தெரியவில்லை. அதனால் கணக்கைத் திறக்கும் முன், யார் ஜாமீன் சொல்கிறாரோ அவருக்கு எது சங்கடம் என்று நேரடியாகக் கேட்டுவிடும்படி சொல்லியிருக்கிறேன். நாம் ஊகித்துப் பட்டியல் போடுவதைவிட அவர் ஒரு நிமிடத்தில் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

“செய்தி போடாதே” என்ற அறிவுறுத்தல் போதாது. பொறியாளர் அதை மீறவில்லை என்றே நினைக்கிறேன். சந்திப்பைப் பற்றிய வாழ்த்து அவருக்குச் செய்தியாகவே தோன்றவில்லை. இப்போது சொல்வது: அந்தக் குழுவில் நாட்டின் பெயர், தலைவர் பெயர், எல்லை, கொடி, வரைபடம் எதுவும் வேண்டாம், பாராட்டானாலும் வேண்டாம். நிறுவனத்தின் விற்பனைக் கையேட்டின் பின்னட்டையில் டீலர்கள் இருக்கும் ஊர்களைக் காட்டும் இந்திய வரைபடம் ஒன்று இருந்தது. சீனாவுக்குக் கொண்டுபோகும் பிரதிகளில் அந்தப் பக்கத்தில் ஊர்ப் பட்டியல் மட்டும். வரைபடத்தைத் திருத்தி அச்சிடுவது இங்கே குற்றமாகும் என்பதால் எடுத்துவிடுவது ஒன்றே வழி. உரிமையாளருக்கு இதில் மனவருத்தம் உண்டு, எனக்கும் உண்டு.

தனிப்பட்ட எக்ஸ், ஃபேஸ்புக் கணக்குகள் இல்லாத தனி போன் ஒன்றைப் பயணத்துக்கென்று வாங்கியிருக்கிறார்கள். ரோமிங்குக்கு மாற்றாக வேறு நாட்டு இ-சிம் ஒன்றும் கட்டாயம். அதிவேக ரயிலில் இந்திய சிம் அடிக்கடி சிக்னலை விட்டதால் இந்த ஏற்பாடு.

இந்த அனுபவத்தை அப்படியே வேறு நாட்டுக்குப் பொருத்தக் கூடாது. இதே நிறுவனத்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அங்கே வாட்ஸ்அப் செய்தி தடையின்றிப் போகும், அழைப்புதான் போகாது. வடிகட்டியைவிடச் சட்டம்தான் ஆபத்து. 2021-ன் 34ஆம் எண் சைபர் குற்றச் சட்டப்படி ஒருவரை இணையத்தில் அவமதிப்பது குற்றம், அனுமதியின்றிப் படமெடுத்துப் பகிர்வதும் அப்படியே. குற்றம் செய்யவோ மறைக்கவோ விபிஎன் பயன்படுத்தினால் அபராதம் 5 லட்சம் திர்ஹமில் தொடங்கி 20 லட்சம் வரை. அங்கே மாட்டிக்கொள்பவர் குழுவைத் தொடங்கியவர் அல்ல, எழுதியவர்தான். துபாய் போகிறவர்களுக்கு வேறு தாள் தயார் செய்து கொடுத்திருக்கிறேன்.